தாலியைக் கழற்றிவிட்டுப் படித்த ஐந்தாம் வகுப்பு

என் வெறுங்கழுத்துதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது என்று வேம்பார்ப் பக்கம் போனால் இன்றைக்கும் யாராவது பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெருமை அவர்களுக்கு, கூச்சம் எனக்கு. அந்தப் பேச்சு எடுத்தாலே நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். எனக்கு ஏன் கூச்சம் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் உலகச் சண்டை நடந்த காலம் அது. நான் பிறந்தது புன்னைக்காயல். வாழ்க்கைப்பட்டு வந்தது வேம்பாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மாமியார் கைம்பெண். மாமனாரைக் கடல் கொண்டுபோயிருந்தது. மூத்த பிள்ளைகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், என் வீட்டுக்காரர் உட்பட. கடைக்குட்டி மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்தான். அவனாவது கரையில் நின்று பிழைக்கட்டும் என்பது மாமியாரின் ஒரே பிடிவாதம். அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்றால் ஊரில் முதலில் எழும்புகிற குரல் அவருடையதுதான்.

பள்ளிக்கூடம் என்றால் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை. பனங்காட்டு ஊரிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரே வாத்தியார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் மானியத்தை நிறுத்திவிடுவார்கள். மானியம் நின்றால் பள்ளிக்கூடத்தை மூடவேண்டியதுதான். அடுத்த பள்ளிக்கூடத்துக்கு உப்பளத்தைத் தாண்டி, ஓடையில் இறங்கிப் போகவேண்டும். கடல் ஏறினால் அந்த ஓடையில் பெரிய ஆளே நீந்தித்தான் கரையேற முடியும். அங்கே யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அதிலும் பொம்பளைப் பிள்ளையை?

சிக்கல் எங்கே வந்தது என்றால், தங்கலில் வந்தது. காற்று மாறினால் மீன் வேறு கரைக்குப் போய்விடும். மீனுக்குப் பின்னாலேயே எங்கள் ஆட்களும் போய், அந்தக் கரையில் குடிசை போட்டுச் சில மாதம் தங்கித் தொழில் செய்வார்கள். அதைத்தான் தங்கல் என்போம். சட்டி பானை, கோழி, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் கூடவே போகும். புதுப்பெண்ணை மட்டும் கூட்டிப்போகிற வழக்கமில்லை என்று என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வருகிற டிப்டி இன்ஸ்பெக்டர் எப்போதும் தங்கல் முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகுதான் வருவார். அந்த வருஷம் அவருக்கு என்ன அவசரமோ, முன்னாலேயே வருகிறார் என்று வாத்தியார் மூச்சு வாங்க வந்து சொன்னார். கொட்டகையில் அப்போது பாதிப் பிள்ளைகள்கூட இல்லை.

ஊரில் மிச்சமிருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை எடுத்துச் சுவருக்குப் பூசினார்கள். கூரையில் புது ஓலை ஏறியது. அப்புறம்தான் அந்த அருமையான யோசனை யாருக்கோ வந்தது. யாருக்கோ என்ன, என் மாமியாருக்குத்தான். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்த பிள்ளைகளையெல்லாம் தேடிப் பிடித்து உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. கோயில் பங்குச் சாமியாரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படியும் ஐந்தாம் வகுப்பு காலியாகவே கிடந்தது. டிப்டி முதலில் சோதிப்பது அந்த வகுப்பைத்தான் என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டிவந்த பிள்ளைகளில் ஒன்றுக்கும் தடங்கல் இல்லாமல் ஒரு பக்கம் வாசிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த பெண் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். வயது பதினெட்டு. ஆனாலும் ஆள் கோழிக்குஞ்சு மாதிரிதான் இருப்பேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சோதனையன்று விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாவாடையும் ரவிக்கையும் வந்தன. மாமியார் என் தலையை வகிர்ந்து இரட்டைப் பின்னல் போட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தாலி ஒன்றைத் தவிர. ரவிக்கைக்குள் திணித்துப் பார்த்தார். பின்கழுத்தில் கொடி பளிச்சென்று தெரிந்தது. துணியைச் சுற்றிப் பார்த்தார். புண் வந்தவள் மாதிரி இருந்தது. பிறகுதான் சொன்னார்.

"ஏளா, அதக் கழட்டு. அறுக்கச் சொல்லல, கழட்டத்தான் சொல்லுதேன். மாதா காலடியில வைப்போம். நீ வாரது வரைக்கும் அவ பாத்துக்கிடுவா."

கடலில் புருஷன் கிடக்கும்போது தாலியில் கைபட்டாலே சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள். தாலி இறங்குவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? நான் விக்கி விக்கி அழுதேன். அவரும் அழுதார். மாதாவுக்கு ஒரு பிரியதத்தச் செபம் சொல்லி, அவரே கழற்றிச் சுரூபத்தின் காலடியில் வைத்தார். கழுத்தில் காற்றுப் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டகைக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். சிலேட்டை மடியில் வைத்தேன். சுண்ணாம்பு வாசமும் ஈர ஓலை வாசமும் சேர்ந்து அடித்தது. வாத்தியார் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பிரித்தேன். அவ்வளவுதான். என் அழுகை எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. புன்னைக்காயலில் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திய அன்றைக்குத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான். போனது போனதுதான் என்று மறந்தும் போயிருந்தேன். இப்போது அது மறுபடி என் மடியில் வந்து உட்கார்ந்தது. சண்டாளி, எனக்குச் சிரிப்பு வந்தது.

டிப்டி வந்தார். கோட்டு, தலைப்பாகை, முழங்கால்வரை உப்பளத்துச் சேறு. எடுத்த எடுப்பில் என்னை எழுப்பினார். வாசித்தேன். மனக்கணக்குக் கேட்டார், சொன்னேன். மேலும் கேட்டார், கேட்டு முடிக்குமுன் சொன்னேன். வாத்தியார் கண்ணைக் காட்டினார், அடக்கி வாசி என்று. நான் எங்கே அடங்கினேன்? டிப்டி, வாத்தியார் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளையை வீணாக்காதீர்கள், தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மேலே படிக்க வையுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கல்யாணமானவள் என்பதோ, என் வீட்டுக்காரர் கடலில் இருக்கிறார் என்பதோ, அந்த நேரத்தில் என் நினைப்பில் இல்லை. தூத்துக்குடியில் எனக்கு எந்தப் பெஞ்சு கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நிஜமாகவே யோசித்தேன்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக் குட்டி திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணன் பெண்டாட்டியை மைனி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்கு நான் மைனி முறை.

"மைனி, ஒங்க தாலி எங்க?"

கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வெறுங்கழுத்து. அந்தக் குட்டி கேட்கும்வரைக்கும் எனக்கு அது நினைவே இல்லை. அப்படியே குறுகிப்போனேன். டிப்டி என்னை ஒரு தடவைதான் பார்த்தார். உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமானவளைத் தாலியைக் கழற்றி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று புரிந்து அந்த மனுஷன் முகம் செத்துவிட்டது. அந்தப் பெண்ணை முதலில் வீட்டுக்கு அனுப்பும் ஐயா என்று வாத்தியாரிடம் மெதுவாகச் சொன்னார்.

வாசலில் நின்ற மாமியார் நேரே உள்ளே வந்தார். தங்கலுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தகப்பன் போகிற இடத்துக்குப் பிள்ளை போகாவிட்டால் இங்கே யார் கஞ்சி ஊற்றுவது என்று கேட்டார். பிறகு என் தோளைப் பிடித்து டிப்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

"எம்மவன் கடல்ல கெடக்கான். இவ கழுத்துல கெடந்தத எறக்கி வச்சிட்டு இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருக்கேன். இதுக்கு மேல நாங்க என்னய்யா செய்யணும்? மூடணும்னா மூடிட்டுப் போங்க."

டிப்டி வெளியே நடந்தார். உப்பளத்துக்கு அப்பால் நின்ற வண்டியில் ஏறிப் போனார். தங்கல் முடிந்த பிறகு மறுபடி வந்து எண்ணிக்கொள்கிறேன், அதுவரை பள்ளிக்கூடம் நடக்கட்டும் என்று வாத்தியாருக்கு வழியில் சொல்லிப் போனாராம். பள்ளிக்கூடம் தப்பித்தது. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்ன மனசு இந்தப் பிள்ளைக்கு, ஊருக்காக எவ்வளவு பெரிய காரியம் என்றார்கள். ஒவ்வொருத்தியும் புகழப் புகழ எனக்குக் குன்றிப்போயிற்று. ஊருக்காக நான் என்ன செய்தேன்? சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பலம், இந்தப் பிள்ளை வரட்டுமே என்று மாமியாரிடம் கேட்டார். மகன் வந்து சொல்லட்டும் என்றார் மாமியார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான் என் வீட்டுக்காரரை எதிர்பார்த்த மாதிரி எந்தப் புதுப்பெண்ணும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். பாதி அவருக்காக, பாதி அவர் சம்மதத்துக்காக; அதிலும் எனக்கு வெட்கம்தான்.

அவர் வந்தார். கரையில் கால் வைத்ததுமே யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். திட்டுவார், கை ஓங்குவார் என்றுகூட நினைத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாத்தியார் என்னை வேலைக்குக் கேட்டதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுதியாமே," என்றார். "அம்மா சொன்னா. கடல்ல எனக்கு என்னமும் ஆயிருமோன்னு பயந்துகிட்டே இருந்திருப்ப, என்ன?"

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"இனி ஒன்ன அந்தப் பள்ளிக்கூடத்து வாசல மிதிக்க விடமாட்டேன். வாத்தியாரு வந்து கேட்டாராம், நான் வேண்டாம்னு சொல்லிட்டுதான் வாரேன். நீ பயப்படாத."

போகவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார். அன்றைக்கு அவர் நினைப்பே இல்லாமல், வெறுங்கழுத்தோடு, எவ்வளவு நிறைவாக உட்கார்ந்திருந்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சரி என்றேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.