ரெண்டு பேரையும் அனுப்புங்க சார்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் நான் கெமிஸ்டாகச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இருந்தன. சொந்த ஊர் குரும்பலூர். குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. தொடை வரைக்கும் இரும்புக் காலிபர் மாட்டி, ஒரு கையில் கம்பு ஊன்றி நடப்பேன். நேர்காணலில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி வேதியியலைப் பற்றியது அல்ல. "மாடிப்படி ஏறுவீங்களாம்மா?" என்றுதான் கேட்டார்கள்.

"ஏறுவேன் சார். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்."

அதே லேபில் இன்னொரு கெமிஸ்டாக அவர் எனக்கு முன்பே இருந்தார். செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் காது முழுவதும் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்தே பாடம் படித்து, அவரும் வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தார். பேசுவார். ஆனால் பழகாதவர்களுக்கு விளங்காது. அதனாலேயே அவருக்குக் குடுவை கழுவுகிற வேலைதான் அதிகம் கொடுத்திருந்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே ஷிப்டில், ஒரே மேசையில் போட்டார்கள். முழு ஆளாக இருவரில் யாரையும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

அரவை ஆலையின் இரும்புப் படிகளில் ஏறி என்னால் சோதனைக்கு மாதிரி எடுத்துவர முடியாது. அவரால் கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் போனை எடுக்க முடியாது. யாரும் சொல்லாமலே வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் ஏறி இறங்கி மாதிரி கொண்டுவருவார். போனை நான் எடுப்பேன். "சுண்ணாம்பு எவ்வளவு வருது?" என்று அந்தப் பக்கம் கேட்கும்போதே, இடது உள்ளங்கையை வெற்றிலையாக விரித்து வலது விரலால் தடவிக் காட்டுவேன். அவர் விரல்களால் எண்ணைக் காட்டுவார். நான் போனில் சொல்லிவிடுவேன். சிலிக்காவுக்கு மணலைக் கையிலிருந்து ஒழுகவிடுவது போல ஒரு சைகை. இரும்புக்கு என் காலிபரைத் தட்டினால் போதும். அந்தச் சைகையை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். தட்டிவிட்டு, நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயந்து என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பேசாத விஷயம் இல்லை.

சில வருடங்களில் லேபுக்குப் புதிதாக ஒரு எக்ஸ்ரே மெஷின் வாங்கினார்கள். பொடியை அழுத்தி வில்லையாக்கி உள்ளே வைத்தால், நாங்கள் அரை நாள் செய்யும் சோதனையை அது சில நிமிடங்களில் சொல்லிவிடும். அதை இயக்கக் கற்றுக்கொள்ள ஒருவரைச் சென்னைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். இருவருமே போக ஆசைப்பட்டோம். மேனேஜர் நல்ல மனிதர். அவர் முகத்தில் தயக்கம்தான் இருந்தது.

"ஒன்ன எப்படிம்மா தனியா அனுப்புறது? ரயிலு, பஸ்ஸுன்னு அலையணும். அவருக்கு அங்க சொல்லித் தர்றது எப்படிப் புரியும்? வேற ஆள அனுப்பிடலாம்னு பாக்குறேன்."

அவர் மேனேஜரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிவிட்டது. என்னைப் பார்த்து, இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

"ரெண்டு பேரையும் அனுப்புங்க சார்" என்றேன். "அங்க சொல்றத நான் அவருக்குச் சொல்லிடுவேன். ரயில்ல ஏறி இறங்க அவர் எனக்குக் கைகொடுப்பார்."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

வீட்டில்தான் பூகம்பம். "கல்யாணமாவாத பொண்ணு, ஒரு ஆம்பளப் பையன்கூட மெட்ராசுக்கா?" என்று அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பா சின்ன வெங்காயம் போட்டிருந்த நேரம். வயலை விட்டு நகர முடியாது. இருந்தும், "நான் கூடப் போயிட்டு வரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பகல் ரயிலில் கூட்டம் நெரிந்தது. அப்பா பக்கத்து ஆளிடம் கத்திக் கத்திப் பேசி, பாதியில் சலித்துப்போய் நிறுத்திவிட்டார். எதிரெதிரே உட்கார்ந்திருந்த நாங்கள் மட்டும் விழுப்புரம் தாண்டியும் விடாமல் பேசிக்கொண்டு வந்தோம்.

"சத்தமே இல்லாம அப்படி என்னம்மா பேசுறீங்க?"

"லேப் விஷயம்ப்பா."

"லேப் விஷயத்துக்கா இப்புடிச் சிரிப்பு?"

பயிற்சி ஒரு வாரம். சொல்லிக்கொடுத்த பொறியாளர் முதல் நாள் திரையைப் பார்த்தபடியே பேசினார். "சார், கொஞ்சம் எங்க பக்கம் திரும்பிப் பேசுங்க" என்றேன். மறுநாளிலிருந்து அந்தப் பொறியாளரே அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, அரியலூர் ஸ்டேஷனில் அப்பாவுக்கு முன்பே அவர் இறங்கி எனக்குக் கை நீட்டினார். அவர் போன பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தம்பி வூடு செந்துறையில எந்தப் பக்கம்மா?"

அம்மாதான் கடைசிவரை கலங்கினாள். "ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு கொறை. யாரை யாருடி பாத்துக்குவா?" அப்பா, "ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குறத நான் கண்ணால பாத்துட்டேன்" என்றார். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. எக்ஸ்ரே மெஷினும் எங்கள் இருவர் பொறுப்பில்தான் ஓடியது.

பிறகு மேனேஜர் எங்களை நேர்காணல்களிலும் உட்கார வைக்கத் தொடங்கினார். ஒருநாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு கையிலும் ஊன்றுகோல். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதற்றமில்லாமல் பதில் சொன்னாள். முடிவில் மேனேஜர், "நீங்க சேர்ந்தா, ஒங்களுக்கு நாங்க என்னம்மா ஏற்பாடு பண்ணணும்?" என்று கேட்டார்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி வேணும் சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆம்பிளைகள் நிறைந்த அந்த ஆலையில் அதைக் கேட்க இத்தனை வருடங்களாக எனக்கு வாய் வரவில்லை. வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகியிருந்தேன்.

அந்த வாரமே வெல்டர் வந்து கம்பி வைத்தார். மறுநாள் வீட்டில் நான் பையில் பெரிய தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்ததைப் பார்த்து அவர், எதற்கு என்று கையசைத்தார். சொன்னேன். எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று காட்டினார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, குழாயடிக்குப் போய், கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்தார்.