டீச்சர் சைக்கிளில் முதலாளி காற்று

சைக்கிள் கடை வேலை என்றால் விற்பதும் பஞ்சர் ஒட்டுவதும்தான் என்று நினைத்து வந்தவள் நான். ஒருத்தர் தனக்கு ஒத்துவராத சைக்கிளை ஆசையாகத் தடவிப் பார்க்கும்போது, தெரிந்தும் தெரியாதது மாதிரி நிற்பதுதான் இதில் பெரிய கஷ்டம் என்று பொறவுதான் தெரிந்தது. துணிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ நிற்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இது பழகிப்போயிருக்கும்.

என் கை டீசலில் இருக்கிறது. தகர டப்பாவில் ஒரு செயின் ஊறுகிறது. பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்க்கிறேன். அழுக்கு இளகுகிற நேரத்தில் கையைத் துடைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இதை எழுதுகிறேன். செயின் கிரேஸ் டீச்சருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, வன்னியம்பட்டி பக்கம் பள்ளிக்கூட வேலை. சனிக்கிழமை தவறாமல் ஆறேழு ஆண்களோடு மலையடிவாரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர். மாந்தோப்புகளைத் தாண்டினால் ஒரு பாறை மேடு இருக்கிறதாம். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் அதில் ஏறியதில்லை. கீழேயே நின்று திரும்பிவிடுவார். “புது சைக்கிள்லயும் முடியலைன்னா விட்டுருவேன் மாரி” என்று சொல்லித்தான் வாங்கினார். எதை வாங்குவது என்று கை காட்டியது நான்.

முந்தாநாள் சனிக்கிழமை அதில் முதல் தடவையாகப் போயிருக்கிறார். இன்று காலை அவர் தம்பி லோடு ஆட்டோவில் சைக்கிளைக் கொண்டுவந்து, போர்த்தின சாக்கோடு இறக்கி வைத்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார். எங்கள் மெக்கானிக் சேவியர் அண்ணன் சாக்குக்குள் கைவிட்டுச் செயினை மட்டும் கழற்றித் தந்தார். சாக்கைத் தூக்கிப் பார்க்க எனக்குத்தான் மனசு துணியவில்லை. செயின் சுத்தமாகிற வரைக்கும் மற்றதைச் சொல்கிறேன்.

அமுக்கிப் பார்க்கிறவர்கள்

முன்னாலும் பின்னாலும் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் உள்ள மலை சைக்கிள்கள் எங்கள் கடையில் இரண்டு மூன்றுதான் நிற்கும். உள்ளே வருகிற எல்லோரும் செய்கிற முதல் காரியம், சீட்டில் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு. ஆழமாக அமுங்கினால் நல்ல சைக்கிள், கொஞ்சமாக அமுங்கினால் மட்டம். அமுங்குகிற அந்த அளவுக்கு டிராவல் என்று பெயர். ஆறு இஞ்சு அமுங்குவதும் உண்டு, நாலரை இஞ்சோடு நிற்பதும் உண்டு. கூடுதலாக இருப்பதுதானே நல்லது, குறைச்சலானதை ஏன் செய்கிறான் என்று எனக்கே ரொம்ப நாள் குடைச்சல். சேவியர் அண்ணனிடம் கேட்டேன். “மலை உச்சியில இருந்து குதிக்கவனுக்கு ஆறு இஞ்சு வேணும். நம்ம ஊர்ல எவன் குதிக்கான்? கல்லுல ஏறணும், ஓடையில எறங்கணும், பொழுதுக்குள்ள வீட்டுக்கு வரணும். அதுக்கு நாலரை போதும். மிச்சம் அமுங்குறது பூரா நீ மிதிக்கிற பலத்தைத் திங்கும்” என்றார்.

இதையே அவர் தேவதானத்துத் தோப்புக்காரர் ஒருவரிடமும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். தோப்புக்காரர் நாலரை இஞ்சு சைக்கிளை நாலு தடவை அமுக்கினார். விலைச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினார். “எங்க வீட்டு சோபா இதைவிட நல்லா அமுங்குது, சோபாக்காரன் இம்புட்டு விலை சொல்லலையே!”

மூன்றரை கிலோ

கல்யாணத்துக்கு முன்னால் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் பண்டல் கட்டித் தூக்குகிற வேலை பார்த்தேன். படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் எதையும் தூக்கினால் எடை சொல்லிவிடுவேன். தராசும் நானும் அரை கிலோவுக்கு மேல் சண்டை போட்டதில்லை. ஆறு இஞ்சு சைக்கிள் பதினைந்தரை கிலோ. நாலரை இஞ்சு பன்னிரண்டு. இந்த மூன்றரை கிலோவுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்று முதலில் சிரித்தேன். பொறவு யோசித்தால், என் மகள் பிறந்தபோது கிட்டத்தட்ட அந்த எடைதான். அவளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினது என் முழங்காலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு பைனான்ஸ்காரர் அந்த லேசான சைக்கிளைத்தான் வாங்கினார். எடை குறைவு என்பதற்காகவே வாங்குகிறேன் என்று மூன்று பேரிடம் போனில் சொன்னார். பொறவு ஸ்டாண்டு, கேரியர், பெல், பூட்டு, இரண்டு பக்கமும் மட்கார்டு எல்லாம் மாட்டச் சொன்னார். மலை சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதில்லை என்று சேவியர் அண்ணன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். பைனான்ஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஸ்டாண்டு இல்லாம எங்கவே சாத்தி வைப்பேன், எம் பொண்டாட்டி தோள்லயா?”

வளையம்

இந்த ஷாக்குகளுக்குள் கம்பிச் சுருள் கிடையாது, காற்றுதான். ஏறுகிறவர் எடைக்குத் தக்கபடி காற்று வைக்க வேண்டும். கனத்த ஆளுக்குக் கூட, மெலிந்தவருக்குக் குறைய. ஷாக் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே தள்ளி வைத்துவிட்டு ஆளை மெதுவாக உட்காரச் சொல்லி, குலுங்காமல் இறங்கச் சொன்னால், வளையம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். தண்டில் கால் பங்கு நகர்ந்தால் காற்று சரி. எனக்கு இந்த வளையத்தை ரொம்பப் பிடிக்கும். யாரிடமும் எதுவும் கேட்காமல் எல்லாம் தெரிந்துகொள்கிறது.

கேட்டுத் தெரிந்துகொள்வதென்றால் நடக்கிற கதையா? ஒரு மில் சூப்பர்வைசர் தன் எடை எழுபது என்றார். சேவியர் அண்ணன் எழுபதுக்குக் காற்று வைத்தார். ஆள் உட்கார்ந்ததும் வளையம் ஒரே ஓட்டமாக அடிக்குப் போய்விட்டது. சேவியர் அண்ணன் வளையத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நான் துணியை வாயில் வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, “காலையில நாலு இட்லி கூடப் போச்சு, அதான்” என்றார்.

டீச்சர் வந்த அன்றைக்கு

கிரேஸ் டீச்சரின் பழைய சைக்கிள், அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்து ஆள் ஒருவரிடமிருந்து வாங்கினது. ஆறு இஞ்சு, கனம். புதுசு பார்க்க வந்தபோதும் அவரோடு கூட்டத்து ஆட்கள் இருவர் வந்தார்கள். வந்ததும் ஆளுக்கொரு அமுக்கு. பெரியதுதான் பாதுகாப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். டீச்சருக்கு லேசானதன் மேல் ஒரு கண். ஏறித் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார், முகம் வாடியிருந்தது. “கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கு. துள்ளுது” என்றார். “பாத்தீயளா, சொன்னோம்ல” என்றார்கள் இருவரும்.

நான் வளையத்தைப் பார்த்தேன். டீச்சர் ஏறுமுன் நான் தள்ளி வைத்த இடத்தை விட்டு லேசாகத்தான் நகர்ந்திருந்தது. காலையில் அதே சைக்கிளில்தான் எங்கள் முதலாளி டீக்கடைக்குப் போய்வந்தார். தொண்ணூற்றைந்து கிலோ. அவருக்கு வைத்த காற்று அப்படியே இருக்கிறது. டீச்சர் ஐம்பதுகூட இருக்க மாட்டார். சேவியர் அண்ணன் சாமான் எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். ஒரு பொம்பளையிடம் எடை எவ்வளவு என்று கேட்க, முதலாளியையும் சேர்த்து அங்கே இருந்த மூன்று ஆண்களுக்கும் கூச்சம். எனக்கோ வாயைத் திறக்கவே கூச்சம். டீச்சர் பெரிய சைக்கிள் பக்கம் நடக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பில் போட்டுவிடுவார்கள்.

பேசத்தான் வரவில்லை, கை வந்தது. சக்கரத்துப் பக்கத்தில் குந்தி, ஷாக்கின் மூடியைத் திருகி, பம்பை மாட்டிக் காற்றைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று கடை முழுக்கச் சத்தம். “ஏம்மா, என்ன செய்யிற?” என்று முதலாளி எழுந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். டயரைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். “இதுல இருக்கது உங்க காத்து சார். டீச்சருக்கு இது பாதி போதும்.”

முதலாளி உட்கார்ந்துவிட்டார். நான் டீச்சரை ஏறி உட்காரச் சொல்லி, இறங்கச் சொல்லி, வளையம் பார்த்து, மறுபடி கொஞ்சம் குறைத்து, தெருவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை தெருமுனைச் செங்கல் குவியல் மேலேயே ஏற்றி இறக்கிவிட்டு வந்தார். “நீ சொல்லு மாரி, எது?” என்றார். நான் லேசானதைக் காட்டினேன். பொறவு அவருக்குப் பழைய சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது. அதை விற்ற ஆளும் பக்கத்தில்தான் நின்றார், நல்ல ஆகிருதி. டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ மூணு வருஷமா நான் உங்க காத்துலயா ஓட்டிக்கிட்டு இருந்தேன்?”

சாக்கு

செயின் சுத்தமாகிவிட்டது. இனி சாக்குப் போக்குச் சொல்ல முடியாது.

தோப்புகள் வரைக்கும் கரிசல் மண். பாறை மேட்டைத் தாண்டினால்தான் செம்மண் என்று சேவியர் அண்ணன் சொல்வார். டீச்சரின் பழைய சைக்கிளை மூன்று வருஷமாகக் கழுவியிருக்கிறேன். ஒரு சிட்டிகை சிவப்பு பார்த்ததில்லை. இப்போது சாக்கைத் தூக்கினேன். சக்கரமெல்லாம் கரிசல் அப்பிக் காய்ந்திருந்தது. சிவப்பு எங்கும் இல்லை. மிதிகட்டை சேருகிற இடத்துக்கு அடியில் விரலை விட்டு வழித்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். நம்பாமல் எச்சில் தொட்டு உரசினேன். சிவப்பு. ஷாக்கில் வளையம், முடிவுக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கிறது. கல்லெல்லாம் பார்த்துவிட்டு வந்த வளையம்.

வாசலில் ஸ்கூட்டி நிற்கிற சத்தம். சேவியர் அண்ணன் அங்கிருந்தே கத்துகிறார். “மாரி! டீச்சர் வந்துருக்காவ, கூட ரெண்டு டீச்சரையும் கூட்டியாந்துருக்காவ. எடை கேக்காம காத்து வைக்கிற பிள்ளை எங்கன்னு கேக்காவ, வா!”

இதோ போகிறேன். மொத்தத்தில் இந்தக் கடையில் எனக்குச் சம்பளம் தருவது பேசாமல் நிற்பதற்குத்தான் என்று நினைத்திருந்தேன், ஆனால் இன்றைக்கு... மிச்சத்தைப் பொறவு எழுதுகிறேன், வாசலில் கூப்பிடுகிறார்கள்.