மீன் படம் போட்ட பை

எங்கள் நாய் ராணிக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது, சொறிந்தே புண்ணாக்கிவிடுவாள். மிருக வைத்தியர் கோழியை நிறுத்தச் சொன்னதிலிருந்து மூன்று மாதமாக மீன் படம் போட்ட உணவுப் பைதான் வாங்குகிறேன்.

இன்று மட்டக்களப்பு டவுன் கடையில், “இதைத் திண்டும் சொறி நிக்கல்ல அக்கா” என்றேன்.

கடைக்கார அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையின் பின்பக்கத்தைப் படித்தார்.

“தங்கச்சி, இதில முதலாவதே கோழிதானே எழுதியிருக்கு. மீன் கடைசியில கொஞ்சம்.”

மூன்று மாதமாக என் கையாலேயே அள்ளி வைத்திருக்கிறேன்.

“அப்ப ஏன் மீன் படம்?”

“நானும் படத்தப் பாத்துத்தான் வித்தன், தங்கச்சி.”

பையை அங்கேயே வைத்துவிட்டு, சந்தையில் வாவி மீன் வாங்கிவந்து அவித்து, முள்ளெடுத்துச் சோற்றோடு கொடுத்தேன். ராணி சட்டியையும் நக்கிவிட்டாள்.

இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் பிஸ்கட் பக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா?