உங்க வீட்டில் என்ன கல் இருக்கு?

மடக்குக் கத்தி விற்பது சுலபம், "எந்த ஸ்டீல் சார் நல்லது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆளைக் கொல்லும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பல வருஷம் இரும்பைக் காய்ச்சி, குளிரவைத்து, திரும்பவும் காய்ச்சி, கடைசியில் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னதாக ஒரு கத்திக் கடை போட்டவன். எந்த இரும்பு எவ்வளவு சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற சக பாவிகளே, உங்கள் கடை துணிக்கடையோ செருப்புக்கடையோ, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

பார்சல் பிரிக்கும் வீரர்

முதுகில் லேப்டாப் பையோடு ஒரு தம்பி வந்தார். வாயைத் திறந்ததுமே கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்துவிட்டது. கையில் போன், போனில் ஒரு வெள்ளைக்காரன் கத்தியால் கயிற்றை அறு அறு என்று அறுத்துக்கொண்டிருந்தான். "ஏனுங்ண்ணா, இந்தப் பவுடர் ஸ்டீல்ல கத்தி இருக்குங்களா?" என்றார். நான் விடுவேனா? பவுடர் ஸ்டீலை எப்படி இரும்புத் தூளை அழுத்திச் செய்கிறார்கள், அதில் என்னென்ன சேர்க்கிறார்கள், கூர் ஏன் சீக்கிரம் போகாது என்று அரை மணி நேரம் பிளந்து கட்டினேன். அவரும் சளைக்காமல் கேள்வி கேட்டார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. கடைசியில்தான், இதை வைத்து எதை வெட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் லேசாக நெளிந்தார். ஆன்லைனில் வருகிற பார்சலைப் பிரிக்கத்தானாம், மீதி நேரத்தில் சும்மா திறந்து திறந்து மூடுவாராம். அடக் கடவுளே! மூடும்போது 'டிக்' என்று அழகாகச் சத்தம் வருகிற ஒரு சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தியைக் கையில் கொடுத்தேன். முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கத்தி பிரமாதமுங்ண்ணா. என்ன ஒண்ணு, நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள சம்சாரம் ஸ்கூட்டி சாவியிலயே பார்சலைக் கிழிச்சுப்போடறாளுங்க."

கருத்துப்போன கத்தி

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் தள்ளுவண்டியில் மாங்காயும் கொய்யாவும் பத்தை போட்டு விற்கிறவர் குமார். "சும்மா சர்ருனு எறங்கணும் அண்ணாத்தே" என்று கேட்டார். எனக்குக் கார்பன் ஸ்டீல் என்றால் உயிர். தீட்டுவது சுலபம், மயிரிழை போலக் கூர் ஏறும். அதையே கொடுத்தேன். புளிப்புப் பட்டால் கார்பன் ஸ்டீல் கருத்துப்போகும். அது எனக்குத் தெரியும். குமாருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாளே வந்துவிட்டார். கத்தி மழைமேகம் மாதிரி கருத்திருந்தது. "இன்னா இது? கத்தியப் பாத்துட்டு ஒர்த்தனும் மாங்கா வாங்க மாட்றான்" என்றார். நான் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அது அழுக்கு இல்லை, அந்தக் கறுப்புதான் சிவப்புத் துரு ஏறாமல் கத்தியைக் காப்பாற்றுகிறது, நல்ல இரும்புக்கு அதுதான் அடையாளம் என்றெல்லாம் சொன்னேன். குமார் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் கரீட்டு. நீ போயி டிப்போவாண்ட நின்னுகினு வர்றவன் போறவனுக்கெல்லாம் இத்தச் சொல்லு. நான் இங்க கடையப் பாத்துக்கறேன்."

ஷகிலாவுக்குக் கொடுத்தது

மேலே சொன்ன இரண்டிலும் யாருக்கும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை. இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை. சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஷகிலா பூந்தமல்லிக்காரப் பெண். என் தங்கை வயசு இருக்கும். அங்கே ஒரு நர்சரியில் மண் கலந்து பையில் ரொப்புவதும் தண்ணீர் விடுவதும்தான் வேலை. ஆனால் கண் முழுக்க ஒட்டுக் கட்டுகிறவர்கள் மேலேயே இருந்திருக்கிறது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். நாட்டு மாங்கன்றின் தண்டைப் பிளந்து, நல்ல ரகத்துக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருகிக் கட்ட வேண்டும். சீவுவது ஒரே இழுப்பில் வழவழவென்று வர வேண்டும். கத்தி மழுங்கினால் தண்டு நசுங்கும், குச்சி காய்ந்துவிடும். மேஸ்திரி அவளுக்கு நூறு கன்று கொடுத்திருந்தார். முக்கால்வாசி துளிர்த்தால் அந்த வேலைக்கே மாற்றிவிடுவார். இல்லையென்றால் மண் ரொப்பவே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதைச் சொல்லி நல்ல கத்தியாகக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையிலேயே கடினமான டூல் ஸ்டீலில் ஒன்றை எடுத்தேன். அவள் கண் முன்னாலேயே என் முன்கை மயிரை வழித்துக் காட்டினேன். ஷகிலா அசந்துபோனாள்: "அல்லா, இன்னா கூருண்ணா இது! இனிமே எனக்குக் கவலையே இல்ல."

அந்தக் கல்

ஒரு மாதம் போயிருக்கும். ஷகிலா திரும்ப வந்தாள். சண்டை போட இல்லை. "இத்த எப்டிண்ணா தீட்றது? எங்க ஊட்டுக் கல்லுல ஏற மாட்டேங்குது" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தாள். அரிவாள்மனை தீட்டுகிற சாதாரணக் கல். நடுவில் குழிந்துபோயிருந்தது.

நான் கொடுத்த இரும்புக்கு வைரத் தூள் பதித்த தகடு வேண்டும். இந்தக் கல்லில் தேய்த்தால் கல்தான் தேயும், கத்தி தேயாது. முதல் இருபது முப்பது கன்றுவரை கத்தி நன்றாக ஓடியிருக்கிறது. அப்புறம் மழுங்கியிருக்கிறது. பாவம், தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கை வலிக்க வலிக்கத் தேய்த்திருக்கிறாள். நூறில் முப்பதுகூடத் தேறவில்லை. உனக்குக் கை சரியில்லை, மண்ணுக்கே போ என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். என்ன செடி, தண்டு எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எல்லாவற்றையும் கேட்ட இந்த மேதாவி, வீட்டில் என்ன கல் இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "ஏம்மா, அன்னிக்கே வந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?" என்றேன். ஷகிலா சொன்னாள்: "நீங்க நல்ல கத்திதானேண்ணா குடுத்தீங்க. எனக்குத்தான் தீட்டத் தெரியலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மேஸ்திரிக்கு முன்னால்

அவள் கல்லை வாங்கி எமரி ஷீட் என்கிற உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினேன். மறுநாள் காலை கடையைத் திறக்காமல், கல்லையும் ஒரு எளிமையான கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தியையும் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். மாம்பால் பட்டால் கருக்கும், பயப்படாதே, ஒவ்வொரு கன்றுக்கும் துணியால் துடைத்துவிடு என்று இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். மேஸ்திரி பெரிய மீசைக்காரர். "அந்தப் பொண்ணு கையில தப்பு இல்லைங்க. தப்பான கத்தியைக் கொடுத்தவன் நான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஷகிலா கீழே உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைப் பத்து இழுப்பு இழுத்தாள். ஒரு குச்சியை எடுத்துச் சீவினாள். சீவல் சுருண்டு விழுந்தது. மேஸ்திரி அந்தக் குச்சியை வாங்கிக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: "இன்னும் அம்பது கன்னு தரேன். இதுவும் காஞ்சிச்சுன்னு வெச்சிக்கோ, ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து மண்ணு ரொப்ப வந்துருங்க."

வெயில் எந்தப் பக்கம்?

அந்தக் கன்றுகள் துளிர்க்கிறவரை எனக்கு வியாபாரத்தில் மனசே ஓடவில்லை. ஷகிலா ஒரு மத்தியானம் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐம்பதில் நாலைந்து தவிர எல்லாமே துளிர்த்துவிட்டன, திங்கட்கிழமையிலிருந்து ஒட்டுக் கட்டுகிற வேலை அவளுக்கு. அவள் கையில் செம்பு நிறத்தில் தளிர் விட்ட ஒரு மாங்கன்று இருந்தது. அவளே கட்டிய ஒட்டு, எனக்காம். ஆசையாகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"உங்க ஊட்ல வெயிலு எந்தப் பக்கம்ண்ணா வரும்?" என்று கேட்டாள். கள்ளிக்குப்பத்தில் இரண்டாம் மாடி, ஒரே ஒரு பால்கனி, அதிலும் துணி காயும், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது என்று உள்ளதைச் சொன்னேன். தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்றாள். நான் ஃபேனைப் பார்த்தேன். ஷகிலா மாங்கன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வேறொன்றைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தாள்: "மாங்கன்னு நல்ல செடிதாண்ணா, உங்க ஊட்டுக்குத்தான் ஒத்து வராது. இது மணி பிளான்ட்டு. பாட்டில்ல போட்டு வுட்ருங்க, அதுவே பொழச்சிக்கும்."

ஊருக்கெல்லாம் இரும்புப் பாடம் எடுத்த நான், கத்தி விற்பது எப்படி என்பதை ஒரு செடி கொடுத்த பெண்ணிடம் கற்றுக்கொண்டேன், அதுவும் அவள் செடியைத் தராமல் திருப்பி எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு.