பள்ளிக்கூடத்துப் பூ

எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையைப் புயல் கொண்டுபோனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். நூம்பலில் ஊரார் சேர்ந்து நடத்திவந்த பள்ளி அது. ஒரே அறை, பனையோலைக் கூரை, ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். கார்த்திகை மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். சுவர் நான்கும் நின்றுகொண்டிருந்தன. ஓலையெல்லாம் ஏரிக்கரையில் கிடந்தது.

அதன்பிறகு புளியமரத்தடியில் பாடம் நடந்தது. எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பழம் பொறுக்கலாம். வாத்தியார் பார்த்தாலும் பார்க்காததுபோல் இருப்பார்.

தை மாதத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். மரத்தடியைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஓடு வேய்ந்த கூரை போடாவிட்டால் சர்க்கார் மானியம் நின்றுவிடும், பிள்ளைகள் பூந்தமல்லிக்குப் போய்ப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அன்று அண்ணனும் நானும் சாப்பிடும்போது அப்பா எங்களைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"பையன் நடந்து போயிடுவான். பொண்ணு இதுவரிக்கும் படிச்சது போதும்."

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கூரைக்காக ஊர் ஆண்கள் ஒரு நாள் கூடிப் பேசினார்கள். அந்த வருஷம் நெல் சரியாக விளையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வெற்றிலை போட்டுவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் காலை அம்மா கிணற்றடியில் பெண்களிடம் பேச்செடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் மல்லித் தோட்டம் உண்டு.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, ஊட்டுக்கு ஒரு வரிசைச் செடி. அதுல பறிக்கிற மொட்டு பள்ளிக்கூடத்துக்கு. ஆம்பளைங்கள கேக்க வேணாம். செடிக்குத் தண்ணி ஊத்துறது நாமதான?"

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்திகூட முடியாது என்று சொல்லவில்லை.

பங்குனியில் மல்லி பூக்கத் தொடங்கியது. முதல் வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எல்லா வீட்டிலிருந்தும் மொட்டு வந்து எங்கள் வாசலில் குவிந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாழைநாரில் தொடுத்தார்கள். மாங்காட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோய் விற்பதாக ஏற்பாடு. ஜட்கா ஓட்டும் பாய் ஒருவர் ஊரில் இருந்தார். அவர் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவள். கூடைகளை அவரே தூக்கி வண்டியில் வைத்தார். அம்மா கூலி கேட்டாள்.

"எம் பொண்ணும் அங்கதான் குந்திகினு படிக்கிறா. கூலியப் பத்திப் பேசாத தங்கச்சி, ஏறு."

அப்போதுதான் அப்பா கழனியிலிருந்து வந்தார்.

"எங்க கெளம்பிட்ட? நம்ம ஊட்டுப் பொம்பள கோயில் வாசல்ல குந்திகினு பூ விக்கிறதா? நாலு பேர் இன்னா சொல்லுவான்?"

"நான் எம் பூவ விக்கப் போவல. பள்ளிக்கூடத்துப் பூவ விக்கப் போறேன்" என்றாள் அம்மா. என்னையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

கோயில் வாசலில் கூடையை இறக்கியதும் அடுத்த தொல்லை. அங்கே வழக்கமாகப் பூ விற்கும் அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள். பருத்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமம்.

"இன்னாம்மா, எங்க பொழப்புல மண்ணப் போட வந்தியா?"

அம்மா சண்டைக்குப் போகவில்லை. கூரை போனதையும் இன்ஸ்பெக்டர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தபடி கேட்டாள். பிறகு எங்கள் கூடையில் கைவிட்டு ஒரு சரத்தை எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"நெருக்கமாத்தான் கட்டிகீற. எனக்குக் காலைல கட்டி முடியறதுல்ல, விரலு மடங்க மாட்டேங்குது. நீங்க கட்டிக் குடுங்க, நான் விக்கிறேன். ரெண்டு பங்கு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு பங்கு எனக்கு. சம்மதமா?"

அம்மாவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. அன்று உச்சிவேளைக்குள் இரண்டு கூடையும் காலி.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வண்டி கிளம்பும் நேரத்துக்கு அப்பா கழனிக்குப் போய்விடுவார்; இரவில் என்னிடம் மட்டும் எத்தனை கூடை விற்றது என்று கேட்பார். ஆடி மாதம் வந்தது. மாங்காட்டில் வெள்ளிக்கிழமை கூட்டம் தேர்த் திருவிழாபோல் நெரியும். கூடைகள் ஆறாகிவிட்டன. பூக்கார அம்மாளால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. அம்மாவும் நானும் முழம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது கூட்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பள்ளிக்கூடத்துப் பூவ்வு! நூம்பல் பள்ளிக்கூடத்துப் பூவ்வு!"

அப்பா. ஏற்றம் இறைக்கும்போது பாடிப் பாடிப் பழகிய தொண்டை அது, அரை மைல் கேட்கும். தோளில் துண்டோடு ஒரு கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு கூவினார். ஜனம் திரும்பிப் பார்த்து அவரை மொய்த்துக்கொண்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அப்பாவிடம் ஓடினேன். "இன்னா பாக்கிற? இன்னொரு கூடை எட்தா!" என்றார்.

புரட்டாசியில் ஓடு வந்து இறங்கியது. கொத்தனார் கூலிக்குக் கொஞ்சம் போதாமல், பிள்ளைகளைப் பெற்ற ஆண்களே சாரம் கட்டினார்கள், மண் குழைத்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றினார்கள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் மோர் ஊற்றினார்.

வேலை முடிந்த அன்று அவர் அம்மாக்களையெல்லாம் உள்ளே அழைத்தார். அம்மா அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாத்தியார் தம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க உக்காரணும்மா" என்றார். அம்மா கூச்சப்பட்டு, நாங்கள் உட்காரும் தரையிலேயே உட்கார்ந்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"அந்த மூலைல ஒரு ஓடு கோணலா கீது" என்றாள்.

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஏணியை எடுக்கப் போனார்.

நான் அந்த அறையில்தான் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். என்னோடு இன்னும் மூன்று பெண்கள். பாய் மகளும் அதில் ஒருத்தி. மழை பெய்யும்போது ஓட்டின்மேல் சத்தம் பலமாக இருக்கும்; வாத்தியார் பேசுவது காதில் விழாது. அப்போதெல்லாம் அவர் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். நாங்கள் நனையாமல் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.