பெரியப்பாவின் பத்தியம் முடிந்த நாள்

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். காதில் விழுந்தது எதுவும் என் வாயில் நிற்காது. இது தெரிந்திருந்தும் பெரியப்பாவை டாக்டரிடம் காட்டப் போன அன்று நைனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அன்று பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் இருந்தால் தம்பியோடு மல்லுக்கு நிற்பேன் என்று அம்மா என்னை அவரோடு தள்ளிவிட்டாள். நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தணி மலைக்குக் கீழே இருந்த எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். நைனாவும் அவருடைய அண்ணனான பெரியப்பாவும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு தறியில் லுங்கி நெய்தார்கள். தை பிறந்ததிலிருந்து பெரியப்பாவின் தறி மட்டும் சும்மா கிடந்தது. அவர் வயிற்றில் ஏதோ கட்டி. சாப்பிட்டது தங்காது. மிளகாய் கூடாது, எண்ணெய் கூடாது, கறி மீன் கூடவே கூடாது என்று டாக்டர் பத்தியம் வைத்திருந்தார். அரிசிக் கஞ்சியும் உப்புச் சப்பில்லாமல் வேகவைத்த புடலங்காயும்தான் அவருக்குச் சாப்பாடு. ருசி பார்த்துச் சாப்பிட்ட மனுஷர் புடலங்காயை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கே அழுகை வரும். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர் கண்ணில் படாமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். இரக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் குழம்பை விட மாட்டேன்.

அன்று டாக்டர் பெரியப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். நைனாவை மட்டும் நிறுத்திக்கொண்டார். நான் எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்று முள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

“இனிமே பத்தியம் எல்லாம் வேணாம். ஆசைப்பட்டு என்ன கேக்கறாரோ அதைக் குடுங்க” என்றார் டாக்டர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தியம் போனால் வியாதி போய்விட்டது என்றுதானே அர்த்தம். எனக்கு அம்மை போட்டபோதும் அப்படித்தான் நடந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மறுநாளே தட்டில் காரக்குழம்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் நைனா, நான் கேட்காமலேயே, எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நல்ல சேதிக்காகத்தான் சோடா என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் புடலங்காய் நிற்கவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார், இன்னும் கொஞ்ச நாளைக்கு இதே பத்தியம்தான் என்று நைனா பெரியப்பாவிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பத்தியத்தை நிறுத்தினால் பெரியப்பா விஷயத்தைப் புரிந்துகொண்டுவிடுவார் என்று பயம். சாகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிடப்பட்ட மனுஷருக்குத் தினமும் புடலங்காய் வேகவைத்துப் போட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மா அந்தப் புடலங்காயை நறுக்கும்போது அழுவாள், கேட்டால் அடுப்புப் புகை என்பாள் என்பதுதான். நைனா கறிக்குக் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டு அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று போனாலும், அவரைத் தொந்தரவு செய்யாதே என்று அம்மா என்னை விரட்டிவிடுவாள்.

பெரியப்பா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவாய்க் கடைக் கோழி.

பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம் போகிற ரோட்டில் இரண்டு மலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் கணவாய் ஒன்று உண்டு. அந்த இடுக்கில் ஒரு கூரைக் கடை. லாரிக்காரர்களும் விறகு வெட்டப் போகிறவர்களும் சாப்பிடும் கடை. மண்சட்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு, கூடவே கேழ்வரகுக் களி. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் பெரியப்பா அங்கே சாப்பிட்டுவிட்டு வருவார். வந்து என்னை உட்காரவைத்து, குழம்பு எப்படிக் கொதித்தது என்பதில் தொடங்கி விவரமாகச் சொல்வார். கேட்டே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

அந்தக் கணவாயைத் தாண்டினால் அத்தை ஊர். பெரியப்பாவுக்கும் நைனாவுக்கும் கூடப்பிறந்த பெண் அவள் ஒருத்திதான். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தவர் பெரியப்பா. அத்தை தன் மகனுக்குப் பெரியப்பாவின் மகளைக் கேட்டாள். முறைப்படி அவளுக்கு அந்த உரிமை உண்டு. பெரியப்பா காஞ்சிபுரத்தில் வேறு இடம் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கோடு போன அண்ணனுக்கு அத்தை ஒரு சொம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ‘இனிமேல் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்’ என்று அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார் அவர். அப்போது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அண்ணன் கண்மூடுவதற்குள் அந்த வீட்டில் அவர் கை நனைந்துவிட வேண்டும் என்பதுதான் நைனாவின் ஒரே கவலை. கோழியைச் சாக்கு வைத்துக் கணவாய் வரைக்கும் கூட்டிப்போய்விட்டால், அங்கே கையைக் காலைப் பிடித்தாவது சம்மதிக்க வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

லுங்கிக் கட்டு ஏற்றும் வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். சித்தப்பா வீடு, அம்மாவின் தங்கை வீடு என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். உள்ளே கஞ்சிப் பசை வாடை. சாக்கை மடித்துப் போட்டுப் பெரியப்பாவை நடுவில் உட்காரவைத்தார்கள். மலை கண்ணுக்கு மறைகிறவரை அவர் திரும்பிக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பொம்பளைகள் சத்தமாகச் சிரித்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரோட்டுப் புழுதி என்று நினைத்தேன். நான் பிறந்ததிலிருந்து குடும்பத்தோடு இப்படி ஒரு பயணம் போனதே இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்கிற சந்தோஷம் எனக்கு.

பள்ளிப்பட்டு தாண்டியதும் பெரியப்பா வாயைத் திறந்தார்.

“சாப்ட்டதும் வண்டி திரும்பிடணும். அந்தாண்ட ஒரு அடி போவக் கூடாது. சொல்லிட்டேன்.”

“சரிண்ணா” என்றார் நைனா. அம்மா அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மத்தியானம் சாய்வதற்குள்ளேயே கணவாயில் வெயில் இல்லை. இரண்டு பக்கமும் பாறை எழும்பி நின்று வெளிச்சத்தை மறைத்தது. அடுப்புப் புகை மேலே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் இறங்கிய கானாற்றில் தண்ணீர் வற்றி வெறும் உருண்டைக் கல்லாகக் கிடந்தது. எனக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதே தவிர மனசில் பதியவில்லை. மூக்கு முழுக்கக் கோழி.

கடைக்கார அம்மாவுக்குப் பெரியப்பாவை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல் இலை போட்டாள். களி உருண்டையை வைத்துக் குழி செய்து குழம்பை ஊற்றினாள். பெரியப்பாவின் இலையில் துண்டுகளை அள்ளி அள்ளி வைத்தாள்.

“ரெண்டு துண்டு போதும்மா” என்று நைனா தடுத்தார். “டாக்டரு இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் உத்தரவு குடுத்துக்கிறாரு. நாளையிலேருந்து மறுபடியும் பத்தியம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்த கோபம்.

“பொய் சொல்றாரு பெரியப்பா! டாக்டரு பத்தியமே வேணாம்னாரு. நீங்க கேக்கறதெல்லாம் குடுக்கச் சொன்னாரு. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்.”

கடைக்கார அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். பெரியப்பாவின் கை களிக்கு மேலே அப்படியே இருந்தது. இன்னும் தொடவில்லை.

“எப்போ சொன்னாரு கண்ணு?”

“நைனா எனக்கு சோடா வாங்கிக் குடுத்தாரே, அன்னிக்கு.”

“டாக்டரே சொன்னாரா?”

“ஆங். இனிமே பத்தியம் எல்லாம் வேணாம்னாரு.”

பெரியப்பா நைனாவைப் பார்த்தார். நைனா கானாற்றுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எழுந்து வேனுக்குப் பின்னால் போய்விட்டாள். என்னை யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. பெரியப்பா மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு” என்றார். தன் இலையிலிருந்த ஈரல், கால், நெஞ்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து என் இலையில் வைத்தார். “நீ சாப்டு கண்ணு. நீதானே உண்மைய சொன்ன.”

“ஏன் சாமி, கை வைக்கவே இல்லையே” என்று கடைக்கார அம்மா கேட்டாள். “உன் கொழம்புல ஒரு கொறையும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு இலையை நகர்த்திவைத்தார். பிறகு நைனாவின் பக்கம் திரும்பினார்.

“வண்டிய எடுக்கச் சொல்லு. தங்கச்சி ஊட்டுக்குப் போவலாம்.”

எல்லோரும் அரைகுறையாக எழுந்தார்கள். நான் மட்டும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

அத்தை வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பொம்பளை உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து இறங்குகிறவர்களை நிமிர்ந்து பார்த்தாள். நைனாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவது யார் என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முறத்திலிருந்த கடலை அவள் மடியில் சரிந்தது.

“அண்ணா” என்றாள்.

பெரியப்பா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

“சோறு இருக்குதா?” என்று கேட்டார்.

“இந்நேரத்துக்கு ஏது? காத்தால கிண்டின களிதான் கெடக்குது. செத்த இரு, ஒல வெக்கிறேன். கோழி அடிக்கச் சொல்றேன்.”

“வேணாம். அந்தக் களியே போடு.”

அத்தை உள்ளே போனாள். தறியிலிருந்து எழுந்து வந்த ஒரு ஆள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளையாகி இருக்க வேண்டியவர் அவர்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. “மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே பெரியப்பாவின் கையில் தண்ணீர் ஊற்றினார். பெரியப்பா கையைத் துடைக்கவில்லை. ஈரக் கையை நீட்டியபடி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆறிப்போன களியை அத்தை மோரில் கரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கொஞ்சம் கீரை வைத்தாள். பெரியப்பா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். விழுங்க முடியாமல் கொஞ்சம் நிறுத்தினார். மறுபடியும் சாப்பிட்டார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “கீரையில உப்பு தூக்கலா இருக்கும், காத்தால கைதவறிப் போட்டுட்டேன், கைதவறிப் போட்டுட்டேன்” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “சரியாத்தான் இருக்குது” என்றார் பெரியப்பா. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் அவர் அந்தக் கிண்ணத்தை விடவில்லை.

என் கையில் இன்னும் கோழிக் குழம்பு மணத்தது. எனக்கு அவர்மேல் எரிச்சலாகவே இருந்தது. இவ்வளவு நாள் ஏங்கிக் கேட்டு, வேன் பிடித்து, இத்தனை பேரை இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஆறின களியைச் சாப்பிடுகிற மனுஷரை என்னவென்று சொல்வது?

திரும்பி வரும்போது அத்தையும் வேனில் ஏறிக்கொண்டாள். மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கணவாயைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கடைக்கார அம்மா ரோட்டு ஓரத்தில் நின்று வண்டியைப் பார்த்தாள்.

நான் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன். “கோழிய விட்டுட்டு அந்தக் களியப் போய் ஏன் பெரியப்பா சாப்ட்டீங்க?”

“ரெண்டுக்கும் வயித்துல எடம் இல்ல கண்ணு” என்றார் கண்ணைத் திறக்காமல்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் யாரும் மலை ஏறவில்லை. தீட்டு. ஆனால் அன்று வேனில், சாக்குமேல், கோழி நிறைந்த வயிற்றோடு படுத்திருந்த எனக்கு அவர் சொன்ன பதில் போதுமானதாக இருந்தது. அத்தை ஏன் சத்தமில்லாமல் குலுங்குகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன், வண்டி ரோட்டுப் பள்ளத்தில் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். மாசக்கணக்காகக் கஞ்சி குடித்தவர் இன்றைக்கு ஆறின களியையே சாப்பிட்டுவிட்டார். நாளையிலிருந்து புடலங்காய் கிடையாது. டாக்டர் சொன்னது சரிதான், பெரியப்பா பிழைத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.