கோடரிக்குத் தப்பிய மாமரம்

கரவெட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு எச்.டி. டிஷ் இணைப்பு எடுத்தபோது, சனல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தே நிறுவனத்தைத் தெரிவுசெய்தோம். டிஷ்ஷைப் பூட்ட வந்தவர், "எங்கை வைச்சாலும் இந்த மாமரம் சிக்னலை மறைக்குது. வெட்டத்தான் வேணும்" என்றார். காய்த்து நின்ற கறுத்தக்கொழும்பான் இன மரம் அது. கணவர் கோடரியும் எடுத்துவிட்டார். "ஐயோ, வெட்டாதேங்கோ!" என்று நான் கத்தினேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"பொறுங்கோ தம்பி! எங்கடை டிஷ் வேறை கொம்பனி. அது மற்றப் பக்கம் பாத்தெல்லோ நிக்குது!"

ஒவ்வொரு நிறுவனத்தின் டிஷ்ஷும் வேறு வேறு செயற்கைக்கோளைப் பார்க்கும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் எங்களுக்கு வெறும் வானம்தான். அந்த நிறுவனத்துக்கே மாறினோம். படம் பளிச்சென்று தெரிகிறது. அந்த முறைப் பழங்களைச் சாப்பிட்டபடியே கிரிக்கெட் பார்த்தோம்.

இப்போதெல்லாம் டிஷ் இணைப்புப் பற்றி யார் கேட்டாலும், அந்த நிறுவனத்தின் டிஷ் எந்தத் திசையைப் பார்க்கும் என்பதை முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.